தென்னையில் சுருள் வெள்ளை ஈ: மருந்து அடிப்பதா, ஒட்டுண்ணிக்கு வழிவிடுவதா?

கேள்வி: ஆனைமலைத் தோப்பு

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலைப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. பெரும்பாலானவை என் தகப்பனார் வைத்த நெட்டை மரங்கள்; கிணற்றை ஒட்டிய பகுதியில் மட்டும் நான் வைத்த வீரிய ஒட்டு மரங்கள் உள்ளன. ஊடுபயிராகக் கோகோவும் கொஞ்சம் ஜாதிக்காயும் நிற்கின்றன.

மாசி மாதத்திலிருந்து வீரிய ஒட்டு மரங்களின் கீழ்மட்டைகள் மேற்புறம் முழுவதும் கறுத்துவிட்டன. அவற்றின் நிழலில் இருக்கும் கோகோ இலைகளும் கரி பூசியதுபோல் ஆகிவிட்டன. ஓலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் வெள்ளைத் தூள் அப்பியிருக்கிறது, முட்டைகள் சுருள் சுருளாக இருக்கின்றன, மட்டையைத் தட்டினால் வெள்ளை ஈக்கள் கூட்டமாகக் கிளம்புகின்றன. இது சுருள் வெள்ளை ஈ என்பது எனக்குத் தெரியும். என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். மருந்துக் கடையில், வேரில் ஒரு மருந்தைக் கட்டிவிட்டு மேலே விசைத்தெளிப்பானால் இன்னொன்றை அடிக்கச் சொல்கிறார்கள். பக்கத்துத் தோப்பில் அப்படித்தான் செய்தார்கள். சில வாரங்கள் ஈ குறைந்தது, பிறகு முன்பைவிட அதிகமாக வந்துவிட்டது. வேளாண்மை அலுவலகத்தில் கேட்டால், மருந்தே அடிக்க வேண்டாம், ஒட்டுண்ணி (வெள்ளை ஈயின் இளம்பூச்சிக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் சிறு குளவி) பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். காய் குறைந்துகொண்டிருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் மனதுக்கு ஒப்பவில்லை.

இத்துடன் இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. வாய்க்காலை ஒட்டிய நான்கைந்து நெட்டை மரங்களில் நடுமட்டைகள் மஞ்சளாகி, கீற்றுகள் உள்நோக்கி வளைந்து தொங்குகின்றன. அங்கே கறுப்புப் படலமும் இல்லை, ஈயும் அதிகம் இல்லை. இதுவும் வெள்ளை ஈயின் விளைவா, அல்லது வேறு நோயா? அந்த மரங்களை எடுத்துவிட்டுப் புதுக் கன்று வைக்கலாம் என்றும், பாலக்காட்டுப் பக்கத்தில் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் நல்ல கன்றுகள் கிடைக்கின்றன என்றும் என் மைத்துனர் சொல்கிறார். வாங்கலாமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பூச்சியியல் (ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்)

ஐயா, உங்கள் தோப்பில் இருப்பது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில் எடுத்த மாதிரிகளைக் கொண்டு 2004-ல் இது தனி இனமாக விவரிக்கப்பட்டது. 2009-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காணப்பட்டது. இந்தியாவில் 2016-ல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே உங்கள் பொள்ளாச்சிப் பகுதியிலும் அதை ஒட்டிய பாலக்காட்டிலும்தான். நம் ஊருக்கு வந்து சில ஆண்டுகளே ஆன பூச்சி இது என்பதை மனதில் வைத்துக்கொண்டால்தான், மருந்து ஏன் தோற்கிறது என்பது விளங்கும்.

ஒரு பூச்சி தன் சொந்த நாட்டில் அளவோடு இருப்பதற்குக் காரணம், அதைத் தின்று வாழும் எதிரிகள் அங்கே இருப்பதுதான். எதிரிகளை விட்டுவிட்டுப் பூச்சி மட்டும் கடல்கடந்து வந்துவிடும்போது அதற்குத் தடையே இல்லாமல் போகிறது. ரூகோஸ் வெள்ளை ஈயைப் பொறுத்தவரை நாம் ஓரளவு கொடுத்துவைத்தவர்கள். இதற்கு முன்பு, 1990-களில் கேரளத்தில் நுழைந்த இன்னொரு சுருள் வெள்ளை ஈயைத் தொடர்ந்து, என்கார்சியா குவாடலூப்பே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியும் நம் நாட்டில் நிலைபெற்றிருந்தது. அதுவே இந்தப் புதிய ஈயையும் தேடிப் பிடிக்கத் தொடங்கியது. தொந்தரவு செய்யாமல் விடப்பட்ட தோப்புகளில் பாதிக்கு மேற்பட்ட இளம்பூச்சிகளை அது தாக்கியிருப்பதைப் பார்க்கலாம்.

இந்தக் குளவியின் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. வெறும் கண்ணுக்கு அது தெரியாவிட்டாலும் அதன் வேலை தெரியும். கறுத்த மட்டையிலிருந்து ஒரு கீற்றை அறுத்து, அடிப்புறத்து வெண்மெழுகை விரல்நுனியால் மெதுவாக நீக்கிவிட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வழியாகப் பாருங்கள். நலமாக இருக்கும் வெள்ளை ஈயின் இளம்பூச்சி வெளிர்மஞ்சளாகத் தட்டையாக ஒட்டியிருக்கும். குளவி முட்டையிட்ட இளம்பூச்சி கறுத்துப்போயிருக்கும். கூடு காலியாக இருந்தால் அதன் முதுகைக் கவனியுங்கள்: நடுவில் கீறல் விழுந்து ஓடு பிளந்திருந்தால் அதிலிருந்து வெளியேறியது வெள்ளை ஈ, ஓரிடத்தில் வட்டமாக ஊசித்துளை இருந்தால் வெளியேறியது குளவி. வெவ்வேறு மரங்களில் இப்படிச் சில கீற்றுகளைப் பார்த்து, கறுத்தவையும் வட்டத்துளை உள்ளவையும் எவ்வளவு என்று மனக்கணக்காகப் போட்டாலே உங்கள் தோப்பின் நிலை தெரிந்துவிடும்.

பக்கத்துத் தோப்பில் நடந்ததற்கு விளக்கம் இதில்தான் இருக்கிறது. பூச்சிக்கொல்லியை மேலே தெளித்தால் வெளியே பறக்கும் குளவி உடனே இறக்கிறது. வேர் வழியாகக் கொடுத்தால் இளம்பூச்சி இறக்கும்போது அதற்குள் வளரும் குளவியும் சேர்ந்து இறக்கிறது. வெள்ளை ஈயோ அடுத்த தோப்பிலிருந்தும், வாழை, கொய்யா, சப்போட்டா, சீத்தா போன்ற மற்ற மரம் செடிகளிலிருந்தும் திரும்பி வந்துவிடும். குளவி அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை. எதிரியே இல்லாத தோப்பில் ஈ பெருகுவதைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். வேரில் கட்டுவதற்கு நம் பகுதியில் பலகாலம் பயன்படுத்திய மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதத் திரவத்தை மத்திய அரசு 2023-ல் தடை செய்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பழைய கையிருப்பை யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள்.

மஞ்சள் நிற மரங்களைப் பற்றி, நோயியல் அறிந்தவர்கள் எழுதுவதே முறை.

பதில் 2: கிணத்துக்கடவு விவசாயி

மேலே ஐயா எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் “மருந்து அடிக்காதே” என்பதை “ஒன்றும் செய்யாதே” என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. செய்வதற்கு நிறைய இருக்கிறது. அத்தனையும் உடல் உழைப்பு கேட்பவை என்பதால்தான் பலர் மருந்தை நாடுகிறார்கள்.

முதல் வேலை தண்ணீர் பீய்ச்சுவது. விசைத்தெளிப்பானில் வெறும் தண்ணீரை எடுத்து, கீழ்மட்டைகளின் அடிப்புறம் படும்படி வேகமாகப் பீய்ச்சினால் முட்டை, இளம்பூச்சி, மெழுகு எல்லாம் கணிசமாக உதிர்ந்துவிடும். உயரமான நெட்டை மரங்களுக்கு இது எட்டாது; உங்கள் வீரிய ஒட்டு மரங்களுக்கு எட்டும். பாதிப்பும் அவற்றில்தான் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பகுதியிலும் நெட்டையைவிடக் குட்டையும் ஒட்டும்தான் அதிகம் அடிவாங்குகின்றன. கறுத்த இளம்பூச்சிகள் நிறைந்த மரங்களை மட்டும் தண்ணீர் பீய்ச்சாமல் விட்டுவிடுங்கள். குளவிகள் அங்கிருந்துதான் கிளம்பிவர வேண்டும்.

அடுத்தது மஞ்சள் பொறி. ஐந்தடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள மஞ்சள் பாலித்தீன் தாளில் இருபுறமும் விளக்கெண்ணெய் தடவி, ஏக்கருக்கு எட்டுப் பத்து என்ற கணக்கில் ஆறடி உயரத்தில் கட்டலாம். எண்ணெய் காய்ந்து தூசி படிந்துவிட்டால் அது வெறும் தாள்தான். துடைத்துவிட்டு மறுபடியும் தடவ வேண்டும். மஞ்சள் நிறம் சிறு குளவிகளையும் ஈர்க்கும் என்பதால், தோப்பில் ஒட்டுண்ணி பெருகிவிட்டது தெரிந்ததும் நாங்கள் பொறிகளை அவிழ்த்துவிடுகிறோம்.

கறுப்புப் படலம் தனி நோய் என்று பலர் எண்ணி அதற்குப் பூஞ்சைக்கொல்லி வாங்குகிறார்கள். ஈ கழிக்கும் இனிப்பான திரவம் கீழே இருக்கும் ஓலையில் சொட்டுகிறது, அதன்மேல் கரும்பூசணம் வளர்கிறது, அவ்வளவுதான். பூசணம் ஓலைக்குள் இறங்குவதில்லை. ஆனால் வெயில் படாமல் மறைப்பதால் ஓலை தனக்கு வேண்டிய உணவைத் தயாரிக்க முடியாமல் போகிறது. மைதா மாவை லிட்டருக்கு 25 கிராம் வீதம் தண்ணீரில் காய்ச்சிக் கஞ்சியாக்கி, ஆறியபின் வடிகட்டி ஓலையின் மேற்புறம் தெளித்தால், அது காய்ந்து செதில் செதிலாக உதிரும்போது கரும்படலமும் அதோடு பெயர்ந்து வந்துவிடும். கோகோ இலைகளுக்கும் இது நன்றாக வேலை செய்கிறது. வடிகட்டாமல் ஊற்றினால் தெளிப்பானின் முனை அடைத்துக்கொள்ளும். கோடை மழை ஒன்றிரண்டு கனமாகப் பெய்துவிட்டால் பூசணமும் கழுவப்படும், ஈயும் குறையும். ஆகவே வானம் கூடியிருந்தால் இந்த வேலையைத் தள்ளிப்போடலாம்.

வெள்ளை ஈயைத் தின்னும் நன்மைப் பூச்சியான பச்சைக் கண்ணாடி இறக்கைப்பூச்சியின் முட்டைகளும் கிடைக்கின்றன. ஏக்கருக்கு நானூறு முட்டை என்பது பரிந்துரை. ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் இதையும் என்கார்சியாவையும் கேட்டுப் பாருங்கள். முட்டை அட்டையை எறும்பு ஏறாத மட்டையாகப் பார்த்து, ஓலையின் அடிப்புறத்தில் மாலை நேரத்தில் பொருத்த வேண்டும்.

பதில் 3: உடுமலை தென்னை

மற்றவர்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஒட்டுண்ணியை நம்பி இருங்கள் என்று சொல்பவர்கள், காத்திருக்கும் காலத்தில் விவசாயி எதைத் தின்பான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓலை கறுத்த மரத்தில் பாளை சிறுக்கிறது, குரும்பை உதிர்கிறது, அதன் விளைவு காய்வெட்டில் தெரிவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. 1998-ல் தென்னங்காயைத் தாக்கும் ஈரியோபைட் சிலந்தி கேரளத்தில் காணப்பட்டு அங்கிருந்து நம் தோப்புகளுக்கு வந்தது. 2016-ல் இந்த ஈ. அதன்பின் கூடு கட்டும் வெள்ளை ஈ என்று இன்னும் சில சின்ன வகைகள். ஒவ்வொன்றும் வந்து பரவிய பிறகுதான் நமக்குத் தெரிகிறது. பயிரை அழிக்கும் பூச்சிகளைத் தடுப்பதற்கான சட்டம் 1914-லிருந்தே இருக்கிறது, தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை 2003-ல் வந்தது. இருந்தும் ஓர் அலங்காரச் செடியோடு ஒட்டிக்கொண்டு பூச்சி வந்துவிட முடிகிறது என்றால், துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சோதனை இன்னும் இறுக வேண்டும். இந்தச் சுமை முழுவதையும் தோப்புக்காரன் தலையில் இறக்குவது நியாயமில்லை.

பதில் 4: பூச்சியியல் (ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்)

உடுமலை நண்பரின் ஆதங்கம் நியாயமானது. வாசலிலேயே தடுப்பதுதான் செலவு குறைந்த வழி என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. காத்திருப்பு வீண்போகாது என்பதற்கு நம் மாவட்டமே கண்ட ஒரு சான்றை மட்டும் சொல்கிறேன்.

2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. அதுவும் மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்ததே. பப்பாளி மட்டுமல்லாமல் மல்பெரி, மரவள்ளி, வீட்டுச் செம்பருத்தி வரை வெள்ளையாக அப்பிக்கொண்டது. பட்டுப்புழு வளர்த்தவர்கள் மல்பெரிக்கு மருந்தும் அடிக்க முடியாமல், இலையும் பறிக்க முடியாமல் தவித்தார்கள். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் முறைப்படி தருவிக்கப்பட்டு, பெங்களூருவில் சோதிக்கப்பட்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழியாக வயல்களில் விடப்பட்டன. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற இனம் குறுகிய காலத்தில் பரவி மாவுப்பூச்சியை அடக்கியது. 2020-ல் திருச்சூரில் தெரிந்த மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் இதே வழியைத்தான் பின்பற்றினார்கள். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்த குளவியை 2022-ல் சேலம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். இவ்விரண்டு பூச்சிகளுக்கும் எதிரியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. உங்கள் வெள்ளை ஈயின் எதிரியோ ஏற்கெனவே உங்கள் தோப்பில் இருக்கிறது. அதைக் கொல்லாமல் இருந்தாலே போதும்.

ஈ அளவு மீறிப் போய்விட்டால், இளம் மரங்களுக்கு வேப்பெண்ணெயை லிட்டருக்கு 5 மி.லி. வீதம் சோப்புக் கரைசலுடன் கலந்து ஓலையின் அடிப்புறம் தெளிக்கலாம். ஐசேரியா பியூமோசோரோசியா என்ற பூஞ்சாணத்தை லிட்டருக்கு 5 கிராம் வீதம் மாலையில், காற்றில் ஈரம் இருக்கும் நாளாகப் பார்த்துத் தெளிப்பதும் பயன் தரும். வறண்ட பங்குனி வெயிலில் அடித்தால் பூஞ்சாணம் வளராமலே காய்ந்துவிடும்.

பதில் 5: தென்னை நோயியல்

வாய்க்காலை ஒட்டிய மரங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும், வெள்ளை ஈயைவிட அதுதான் எனக்குப் பெரிய கவலையாகத் தோன்றியது. கீற்றுகள் விறைப்பை இழந்து விலா எலும்புகளைப்போல் உள்நோக்கி வளைவது, நடுமட்டைகள் மஞ்சளாவது, கீற்றின் ஓரம் கருகுவது ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அது கேரள வேர் வாடல் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். 1882-ல் கேரளத்தின் ஈராட்டுப்பேட்டைப் பகுதியில் பெருவெள்ளத்துக்குப் பின் முதலில் கவனிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் இந்நோய், இன்று எல்லையை ஒட்டிய கோயம்புத்தூர், தேனி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் இருக்கிறது.

இதற்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர். மரத்தின் உணவு ஓடும் குழாய்த் திசுவுக்குள் மட்டுமே வாழ்வதால் தெளிக்கும் எந்த மருந்தும் அதை எட்டுவதில்லை. மரத்துக்கு மரம் இதைக் கொண்டுசெல்பவை சாறு உறிஞ்சும் இரண்டு சிறு பூச்சிகள்: கண்ணாடி இறக்கை நாவாய்ப்பூச்சி, தத்துப்பூச்சி. நோய் நுழைந்து ஓராண்டோ அதற்கு மேலோ கழித்தே அறிகுறி வெளியே தெரியலாம் என்பதால், இன்று பச்சையாக நிற்கும் பக்கத்து மரம் நலமாக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மரம் உடனே சாகாது. ஆண்டுக்கு ஆண்டு மெலிந்து, காய்ப்புக் குறைந்துகொண்டே போகும். குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. ஊசி போட்டுக் குணமாக்குவதாக யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

அடிமட்டைகளிலிருந்து வாடல் தொடங்கி, தண்டின் அடிப்பாகத்தில் செம்பழுப்பு நிறச் சாறு வடிந்தால் அது தஞ்சாவூர் வாடல். அதற்கான சிகிச்சை வேறு. ஆகவே நீங்களே முடிவு செய்யாமல், ஆழியார்நகரிலிருந்தோ வட்டார வேளாண்மை அலுவலகத்திலிருந்தோ ஒருவரை வரவழைத்து நேரில் காட்டுங்கள்.

வேர் வாடல்தான் என்று உறுதியானால், நோய் இப்போதுதான் நுழையும் தோப்பில் பாதிக்கப்பட்ட மரங்களை உடனே எடுத்துவிடுவதுதான் மற்ற மரங்களைக் காக்கும். தகப்பனார் வைத்த மரத்தை வெட்டச் சொல்வது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நான்கைந்து மரங்கள் நின்றால், நோயைச் சுமக்கும் பூச்சிகள் அங்கிருந்து தோப்பு முழுவதும் பரவும். வெட்டிய தண்டையும் கொண்டையையும் தோப்பிலேயே போட்டுவைக்காதீர்கள். புதிதாக வெட்டிய தண்டின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும், மட்கினால் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அன்றன்றே அப்புறப்படுத்துங்கள், முடியாததை எரித்துவிடுங்கள்.

மற்ற மரங்களுக்கு உரத்தில் குறை வைக்க வேண்டாம். மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் ஆகியவற்றை இரண்டாகப் பிரித்து வையுங்கள். அரைக் கிலோ மக்னீசியம் சல்பேட்டும் சேருங்கள். வட்டப்பாத்தியில் தட்டைப்பயறு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி மிதித்துவிடலாம். தோப்புக்கு வலுக் கொடுக்கத்தான் இவையெல்லாம். நோயை இவை நீக்காது.

கன்று விஷயத்தில் என் பதில் உறுதியானது: பாலக்காட்டிலிருந்து கன்று கொண்டுவர வேண்டாம். அங்கும் வேர் வாடல் இருக்கிறது. பார்வைக்குச் செழிப்பாக இருக்கும் கன்றின் ஓலை அடியில் வெள்ளை ஈயின் இளம்பூச்சியோ, நோய் சுமக்கும் பூச்சியோ இருந்தால் வண்டியில் ஏற்றி நாமே அழைத்துவந்ததாகிவிடும். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் நோய் மிகுந்த பகுதிகளுக்கென்றே கல்பரக்ஷா, கல்பஸ்ரீ என்ற குட்டை இரகங்களையும் கல்பசங்கரா என்ற ஒட்டு இரகத்தையும் வெளியிட்டிருக்கிறது. நிறுவனத்திலோ அரசுப் பண்ணையிலோ பெயர் பதிந்து, கிடைக்கும்வரை பொறுத்திருந்து வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்: ஆனைமலைத் தோப்பு

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. சொன்னபடி கீற்றுகளை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கிணற்றடி மரங்களில் மஞ்சளாக இருப்பவைதான் மிகுதி. கறுத்தவை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கின்றன. வாழை ஓரத்தில் நிற்கும் இரண்டு மரங்களில் மட்டும் பெரும்பாலானவை கறுத்திருக்கின்றன, வட்டத்துளைகளும் தெரிகின்றன. மருந்து அடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். மஞ்சள் மரங்களைப் பார்க்க வருமாறு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்; மைத்துனரிடமும் கன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கறுத்த இளம்பூச்சி உள்ள ஓலைகளை அந்த இரண்டு மரங்களிலிருந்து எடுத்துக் கிணற்றடி மரங்களில் கட்டலாமா? வேட்டைக்காரன்புதூரில் ஒரு நண்பர் தோப்பிலும் ஒட்டுண்ணி நிறைய இருக்கிறது, அங்கிருந்தும் கொண்டுவரலாமா?

பதில் 6: பூச்சியியல் (ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்)

உங்கள் சொந்த மரங்களிலிருந்து தாராளமாக எடுக்கலாம். கறுத்தவை மிகுதியாகவும் மஞ்சளானவை மிகக் குறைவாகவும் உள்ள கீற்றாகத் தேர்ந்து, பறக்கும் ஈக்களைத் தட்டிவிட்டு, 10 சென்டிமீட்டர் நீளத் துண்டுகளாக நறுக்குங்கள். எல்லாக் கூட்டிலும் துளை விழுந்துவிட்ட துண்டு வேண்டாம். அதிலிருந்து குளவிகள் ஏற்கெனவே வெளியேறியிருக்கும். துளையில்லாத கறுப்புக் கூடுகள் உள்ள துண்டுகளே வேண்டும். ஏக்கருக்குப் பத்துத் துண்டு என்ற அளவில், இளம்பூச்சி மிகுந்த மட்டைகளின் அடிப்புறத்தில், வெயில் நேரே படாத இடமாகப் பார்த்துப் பொருத்துங்கள். அறுத்த அன்றே பொருத்திவிடுவது நல்லது. ஓலை காய்ந்து சுருண்டால் உள்ளே இருக்கும் குளவி வெளிவராமலே இறந்துவிடும்.

நண்பரின் தோப்பிலிருந்து இப்போது எடுக்க வேண்டாம்; ஓலையோடு நோய் சுமக்கும் பூச்சியும் வந்துவிடலாம். அங்கே வேர் வாடல் இல்லை என்று ஒருவர் நேரில் பார்த்துச் சொன்ன பிறகு யோசிக்கலாம். அதுவரை உங்கள் வாழை ஓரத்தையே நாற்றங்காலாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கு இன்னும் சில வாழைக்கன்றுகளையும், வேலியோரமாகக் கல்வாழையையும் நட்டுவிடுங்கள். வெள்ளை ஈ அவற்றிலும் தங்கும், குளவியும் ஆண்டு முழுவதும் அங்கே பிழைத்திருக்கும். அந்த இடத்தில் எந்தப் பயிருக்கும் பூச்சிமருந்து படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த காய்வெட்டின்போது மரம் ஏறுபவரிடம் சொல்லி ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு கீற்றைக் கீழே போடச் சொல்லுங்கள். கறுத்தவை கூடியிருக்கின்றனவா என்று பார்த்து இங்கே எழுதினால், மேற்கொண்டு துண்டு கட்ட வேண்டுமா என்பதைச் சொல்கிறேன்.